நான் கவனிக்காத இரண்டு ஷார்ப்புகள்

அன்புள்ள கார்த்திக்,

டாக்குரியா சாம்ராஜ்யத்தின் ஏக சக்கரவர்த்தியும், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, ரயில் பார்க்கும் ஒரு பால்கனி ஆகியவற்றின் பரிபாலகனும், கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கப்பல்களைத் தன் பேனா முனையால் நிறுத்தியும் நகர்த்தியும் வைத்தவனுமான உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே சக்கரவர்த்தி, மந்திரி, சேனாதிபதி, சமையல்காரர், குடிமக்கள் எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் நானே என்பதால் விசாரித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நீ கிளாஸ்கோவில் குளிரில் விறைத்துக் கல்லாகி, ஊர்க்காரர்கள் உன்னைச் சிலை என்று நினைத்து மாலை போடும் நிலைக்கு இன்னும் போகவில்லை என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அது வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் கீழ்வீட்டு ரூமா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்குப் பெரிய தைரியம். இந்த மாதக் கடைசிக்குள் நீ உன் பள்ளிக்கூடத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு அங்கேயே பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பதா, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குத் திரும்புவதா என்று நீ தடுமாறிக்கொண்டிருக்கிறாய். தடுமாற வைத்தவன் நான். எப்படி வைத்தேன் என்பதை ஆதியிலிருந்து சொல்கிறேன். நடுவில் போன் செய்யாதே. போனில் பேசினால் நான் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பித்துவிடுவேன்.

கோடைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பெருமை அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ விட்டுப்போன கீபோர்டைத் தூசி தட்டி, யூடியூபில் பார்த்து, மூன்றே நாளில் மேற்கத்திய நோட்டேஷன் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டேன் என்றும், இனி ஐரோப்பாவில் எவன் எதை எழுதினாலும் என் கண்ணில் மண் தூவ முடியாது என்றும் சொன்னேன். நீ சிரித்தாய். "அப்படியாப்பா? அப்ப ஒண்ணு எழுதி அனுப்பறேன். ரெக்கார்டிங்லாம் கிடையாது. நீயே படிச்சு வாசிச்சுக்கோ" என்றாய். சொன்னபடி என் பிறந்த நாளுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். உன் கையால் எழுதிய பாட்டு. தலைப்பு இல்லை, வார்த்தை இல்லை. மூலையில் 'அப்பாவுக்கு' என்று மட்டும் தமிழில், நாலாம் வகுப்பில் போட்ட அதே கோணல் 'ப்'போடு.

என் கல்வியின் ஆழத்தை இப்போது நீ அறிய வேண்டும். ஐந்து கோடுகள் இருந்தன, அவற்றுக்கு நடுவே நான்கு சந்துகள். கோட்டிலும் சந்திலுமாக ஸ்வரங்கள் குடியிருந்தன. அடிக்கோட்டுக்காரர் இ, அவருக்கு மேல் சந்தில் எஃப், அடுத்த கோட்டில் ஜி, அதற்கு மேல் ஏ, பி, சி, டி என்று மாடி மாடியாகப் போகிறது. இது நம் தெருவைவிட ஒழுங்கான குடியிருப்பு, யாரும் அடுத்தவர் பால்கனியில் துணி காயப் போடுவதில்லை. வெள்ளை வயிறு உள்ளவர் அதிக நேரம் நிற்பார், கறுப்பு வயிறு உள்ளவர் ஒரு எண்ணிக்கையில் போய்விடுவார், தலையில் கொடி கட்டியவர் அரை எண்ணிக்கையிலேயே பஸ் பிடிக்க ஓடுவார். இதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. கோட்டின் ஆரம்பத்தில் மூன்று என்றும் அதற்குக் கீழே நான்கு என்றும் போட்டிருந்தாய். கப்பல் சரக்குப் பட்டியலில் அப்படி இருந்தால் நாலு பக்கத்தில் மூன்றாம் பக்கம் என்று பொருள். ஆகவே நான் உறையைக் கிழித்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மிச்ச மூன்று பக்கத்தையும் எந்தத் தபால்காரன் அபகரித்தான் என்று அரை நாள் யோசித்தேன். பிறகு யூடியூபில் ஒருவர், ஒரு கட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை என்று சொல்லி என் தபால்காரரைக் காப்பாற்றினார்.

ஆனால் அந்த எண்களுக்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. முதலில் தும்பிக்கையைச் சுருட்டியது மாதிரி ஒரு பெரிய சுழி. அதை ஒட்டி, மேல்கோட்டில் ஒன்றும் அதற்குக் கொஞ்சம் கீழே சந்தில் ஒன்றுமாக, பரபரவென்று கிறுக்கிய இரண்டு சின்னக் குறிகள். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு. சுழியைப் பார்த்ததும் எனக்குப் பரம திருப்தி. நாம் தாளின் தலையில் ஒரு தடவை பிள்ளையார் சுழி போடுகிறோம், இவர்கள் பக்தி முற்றி வரிக்கு வரி போடுகிறார்கள், பக்கத்தில் இருப்பது அருகம்புல் என்று முடிவு கட்டினேன். சிரிக்காதே. துறைமுகத்தில் என் வேலையே அதுதான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கப்பலின் பெயரும் நிறுவனத்தின் முத்திரையும் திரும்பத் திரும்ப அச்சாகி வரும். அதை ஒவ்வொரு பக்கத்திலும் உட்கார்ந்து படிப்பவன் உருப்பட மாட்டான். தலையில் திரும்பத் திரும்ப வருவதைத் தாண்டிப் போ, சரக்கைப் பார். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். தாண்டிப் போனேன்.

தாண்டிப்போய் வாசித்தேன். ஒரு விரலால்தான். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே ஒரு லோக்கல் ரயில் போய்விடும். நாலைந்து நாளில் விரல் பழகி, இரண்டு ரயிலுக்குள் ஒரு வரி வந்தது. அப்போதுதான் அது எனக்குக் காதில் விழுந்தது. கார்த்திக், எனக்குச் சாஸ்திரம் தெரியாது, ஆனால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் கச்சேரி கேட்டவன். டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு கேட்டால், உன் பாட்டு சுத்தமான கரகரப்பிரியா. அந்தக் காந்தாரத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் நெஞ்சை யாரோ கையால் பிடித்துப் பிழிகிற மாதிரி இருந்தது. என் மகன் அங்கே அழுகிறான், வாயால் சொல்ல முடியாமல் எழுதி அனுப்பியிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நன்றாகவே சாப்பிட்டேன் அன்றைக்கு. கடைக்குப் போய் மிஷ்டி தோய் வாங்கி வந்தேன், இனிப்புத் தயிர். நீ துக்கப்படுகிறாய் என்றால் நீ திரும்பி வருவாய். இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக எனக்கு வந்தது. தினமும் காலையில் குளித்துவிட்டு, வேறு வேலை இல்லாததால், அந்தப் பாட்டை வாசிப்பேன். எவ்வளவு சோகமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு. லேக்கில் நடக்கப் போகிறபோது எல்லோரிடமும் சொன்னேன். மீன் விற்கிறவனிடம்கூடச் சொன்னேன், நாம் மீன் வாங்குவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தும். "சேலே ஃபிரே ஆஸ்சே", பையன் திரும்பி வருகிறான். ரங்மிஸ்திரியைக் கூப்பிட்டு உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அவன் என்ன கலர் என்று கேட்டான். உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கம்பீரமாக, "ராஜகுமாரனுக்கு உகந்த கலர்" என்றேன். அவன் ஒரு பச்சை அடித்துவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே போனால் குளத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது.

பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். "டேய், நீ அங்க சந்தோஷமா இல்ல. மறைக்காத. எனக்குத் தெரியும்" என்றேன். "யாருப்பா சொன்னா?" என்றாய். "உன் பாட்டே சொல்லுது. வரிக்கு வரி அழுகை. கல்லு கூடக் கரையும். போன வாரம் நான் வாசிச்சப்போ ஹூக்ளியில தண்ணி ஏறிடுச்சு." நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. "அப்படியாப்பா கேக்குது? நான் அப்படி நெனச்சு எழுதல. எனக்கே தெரியாம எழுதிட்டேனோ என்னவோ" என்றாய். வாசித்துக் காட்டச் சொன்னாய். என் கச்சேரி போனில் கேட்கத் தகாது என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே வெட்கம்தான், அப்போது வேறு காரணம் இல்லை. அடுத்த ஞாயிறு நீ, "நீ சொன்னதையே யோசிச்சிட்டிருக்கேம்பா. இங்க எனக்குப் பிடிச்சிருக்குன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப குழப்பமா இருக்கு. கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடாம வச்சிருக்கேன்" என்றாய்.

ரூமா யார் என்று உனக்குத் தெரியாது. போன துர்கா பூஜைக்குப் பிறகு கீழ்வீட்டுக்குக் குடிவந்த பெண். உன் வயதுதான். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள், அவர்கள் வராத நேரத்தில் என் ஒற்றை விரல் கச்சேரியைக் கூரை வழியாகச் சகித்துக்கொள்கிறாள். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மேலே வந்து, "மேஷோமொஷாய், தினம் ஒரே பாட்டு வாசிக்கிறீங்களே, இது என்ன பாட்டு? எங்கேயோ இடிக்குது" என்றாள். நான் உன் தாளை, கோயில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வங்காளத்தில் பேசியதை, அந்த 'மேஷோமொஷாய்' மாமாவை மட்டும் விட்டுவிட்டு, உனக்குத் தமிழில் எழுதுகிறேன். பார்த்தாள், கீபோர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த ரெண்டு ஷார்ப்பை என்ன பண்ணினீங்க?"

"எது? அருகம்புல்லா?"

பிள்ளையார் விவரத்தை நான் விளக்கியதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஓரே பாபா! மேஷோமொஷாய், அது சாமி இல்ல. அதுதான் பாட்டோட சாவி" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். நீ இதை உன் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாய், ஆனாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு தடவை கேள். நம் பாட்டுக்காரர் ஸட்ஜத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு உட்காருவார், மற்ற ஸ்வரங்கள் அவரைச் சுற்றித் தானே வந்து உட்காரும். கீபோர்டில் கட்டைகள் நகராது. டி-யில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டுமே அமுக்கிக்கொண்டு போனால், மூன்றாவதாக வருகிற எஃப்பும் ஏழாவதாக வருகிற சி-யும் அரைப் படி தாழ்ந்து நிற்கும். அந்த இரண்டையும் அரைப் படி தூக்கி, பக்கத்துக் கறுப்புக் கட்டையில் வை என்பதுதான் அந்தக் குறிகள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டாம். வரியின் தலையில் ஒரு தடவை போட்டால் வரி முழுக்கச் செல்லும். டி மேஜர் என்று அதற்குப் பெயராம். "இப்ப கேளுங்க" என்று சொல்லிவிட்டு, உன் பாட்டை இரண்டு கையாலும் வாசித்தாள்.

சங்கராபரணம்! காந்தாரமும் நிஷாதமும் ஒரு அரைப் படி ஏறியதுதான், அதற்கே பாட்டு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. யாரோ நல்ல சேதியோடு இரண்டிரண்டு படியாக மாடி ஏறி வருகிற மாதிரி இருந்தது. நான் அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் நீ குறும்பு செய்திருந்தாய். நடுவில் ஓர் இடத்தில் பாட்டு தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடுகிறது, அங்கே ரூமா வாசித்துக்கொண்டே சிரித்தாள். "உங்க பையன் அங்க ரொம்ப சந்தோஷமா இருக்கார் போல" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது, கார்த்திக். அவள்மேல், அந்தக் குறிகள்மேல், உன்மேல். நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். இந்த இரண்டு ஷார்ப்பும் சந்தோஷத்துக்கு மட்டும்தானா, சோகத்துக்கு வரவே வராதா என்று கேட்டேன். அவள் நேர்மையான பெண். "வரும். பி மைனருக்கும் இதே ரெண்டுதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் இது பி மைனராக ஏன் இருக்கக்கூடாது? "பாட்டு எங்க போய் ஓய்வெடுக்குதுன்னு பாருங்க. கடைசி ஸ்வரம் பி-ன்னா நீங்க சொல்றது சரியா இருக்கலாம்." நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசி வரிக்குப் போனேன். அடிக்கோட்டுக்கும் கீழே, வெள்ளை வயிற்றோடு, மூன்று எண்ணிக்கை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. டி. எத்தனை தடவை பார்த்தாலும் டி. "இதை அந்தக் குறி இல்லாம, நான் வாசிச்ச மாதிரியே வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "வச்சுக்கலாம், மேஷோமொஷாய். ஆனா அப்ப அது உங்க பாட்டு. அவரோடது இல்ல."

அவள் கீழே போன பிறகு அடுப்பில் வைத்திருந்த சாதம் அடிப்பிடித்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பொரி சாப்பிட்டேன்.

அது நடந்து இன்றைக்குப் பதினோரு நாள். பதினோரு நாளாக எனக்கு உண்மை தெரியும். நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. நீ போன் செய்து, "அநேகமா வந்துடறேம்பா" என்றாய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்ன வார்த்தை அதுதான், அதைவிடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை. கப்பலைப் பேனாவால் நகர்த்தினேன் என்பதெல்லாம் பொய் இல்லை, அலங்காரம். அலங்காரத்தை நீ குழந்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாய். இந்தச் 'சரி'யை நீ நம்பிவிட்டாய்.

உன்னை வழியனுப்ப ஏர்போர்ட் வந்தேனே, அன்றைக்கு டாக்ஸியில் வழி முழுக்க நான் ஸ்காட்லாந்து பாவாடை பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். உள்ளே போகிற இடத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒரு நிமிஷம் சீரியஸா இரேன்" என்றாய். நான் கையை விடுவித்து சல்யூட் அடித்தேன். பின்னால் நின்ற குடும்பமே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் உள்ளே போனாய். அம்மா போன பிறகு பதின்மூன்றாம் நாள், வந்தவர்களையெல்லாம் நான் சிரிக்க வைத்து அனுப்பியதும் உனக்குத் தெரியும். என் மகனாகப் பிறந்தவனுக்கு ஒரு புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இருந்தால் இதுதான் சொல்வேன்: யாராவது உன் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் கேட்டால், கொடுத்துவிடு. ஒரு நிமிஷத்தில் யாரும் செத்துப்போக மாட்டார்கள். நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

ஆகவே அந்த நிமிஷத்தை இப்போது தருகிறேன். உன் பாட்டில் அழுகை இல்லை. நான் குறியைத் தாண்டிப் போய் வாசித்தேன், என் வீட்டில் இருந்ததை உன் தாளில் கேட்டேன். காலையில் பேப்பர்காரன் வந்து போன பிறகு சாயங்காலம் வரை இந்த வீட்டில் பேச்சுக் குரல் என்றால் அது நான் பிரஷர் குக்கரிடம் பேசுவது. சில நாள் மெட்ரோ ஏறி பவானிபூர் வரை போய், இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வருகிறேன், யாராவது கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று சொல்வார்கள் என்பதற்காக. இரண்டு தட்டு கழுவுகிறேன், ஒன்றில்தான் சாப்பிட்டிருக்கிறேன். இதைச் சொல்வதால் நீ வர வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சொல்லாமல் உன்னை வரவழைக்கப் பார்த்தேன், அதுதான் தப்பு. நீ உனக்குள்ளே துக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். இல்லாததைத் தேட வைத்துவிட்டேன். தேடுவதை நிறுத்து. உனக்கு அங்கே பிடித்திருக்கிறது என்று நீ நினைத்தது சரிதான், உன் கையெழுத்திலேயே இருக்கிறது, ரூமா சாட்சி.

கையெழுத்துப் போடு. பூஜைக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் கிறிஸ்மஸுக்கு வா. பச்சை அறை இருக்கும். ரூமா எனக்கு வாரம் இரண்டு நாள் சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இடது கையையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்கிறாள், அடக்குமுறை. மீன்காரனிடமும் லேக்கில் நடக்கிறவர்களிடமும் நானே போய்ப் பையன் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். அதற்கு ஒரு நல்ல காரணம் ஜோடிக்க மாட்டேன், ஸ்காட்லாந்து அரசாங்கம் உன்னை விட மாட்டேன் என்று காலில் விழுந்ததாகச் சொல்ல மாட்டேன். அவனுக்கு அங்கே பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்வேன். சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும்.

நாளை மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல நாலு மணிக்குப் போன் செய். கையெழுத்துப் போட்டாயா என்று கேட்பேன். போட்டேன் என்று சொல். அதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தால், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. இருப்பேன்.

அப்பா